“இல்லை” என்று போட்ட டிக்

கேள்வி: என் மகனுக்கு வயது 31, சென்னையில் ஐ.டி. வேலை. 2024 மே மாதம் மனைவியோடு மாலத்தீவில் ஆறு இரவு படகிலேயே தங்கி டைவிங் செய்யும் பயணம் போனான். சென்னை ஏஜென்ட்டுக்கு என் கணக்கிலிருந்து 3.2 லட்சம் கட்டினேன். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, ஏ.சி. ஓடவில்லை, படத்தில் காட்டிய பவளப்பாறையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. நான்காம் நாள் கடலிலிருந்து மேலே வந்ததும் வலது கை மரத்துப் பேச்சு குழறியது. அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் சிகிச்சை கொடுத்தார்கள். செலவு 6 லட்சம். இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஏஜென்ட் இப்போது 3 லட்சம் தருகிறேன் என்கிறார். கோர்ட்டுக்கு இழுத்து ஒரு கோடி கேட்க வேண்டும்.
— காரைக்குடி வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் பதினோரு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். ஒன்பதாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு, படகுக்காரர் சொன்னதால் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டான்.” உங்கள் வழக்கே அந்த வரிதான்.

சாப்பாட்டையும் ஏ.சி.யையும் விடுங்கள். நுகர்வோர் ஆணையம் தந்தால் பத்து, இருபதாயிரம் தரும். பவளம் வெளுத்ததற்கு அதுவும் வராது. கடல் சூடேறினால் பவளம் வெளுக்கும். உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு என்று 2024 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள், உங்கள் மகன் போனது அடுத்த மாதம். எதிர்தரப்பு வக்கீல் அந்தச் செய்தியை அச்செடுத்து நீட்டினால் அந்தப் புகார் அதோடு முடிந்தது. மருமகளிடம் டைவ் மாஸ்டர் (கடலுக்குள் வழிகாட்டிக் கூட்டிப் போகிறவர்) எரிந்து விழுந்ததை நான் படித்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்பதில் சிக்கல் இல்லை. பணம் கட்டியவர் நீங்கள், ஆகவே சிவகங்கையிலேயே போடலாம். ஒரு கோடி கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கேட்கும் தொகையை வைத்து அல்ல, கட்டிய தொகையை வைத்துத்தான் வரம்பு. 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. கட்டணம் இல்லை என்பதாலேயே பலர் ஒரு கோடி கேட்கிறார்கள். கேட்பதற்குச் செலவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் பயப்படுவது தவறான காகிதத்தைப் பார்த்து. “உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று படகில் ஏறுமுன் எழுதி வாங்குவார்களே, அதைக் காட்டித்தான் ஏஜென்ட் உங்களை மிரட்டியிருக்கிறார். அந்தக் காகிதம் எனக்குக் கவலை தரவில்லை. கவனக்குறைவாக நடந்துவிட்டு அதை மட்டும் நீட்டித் தப்புவது நுகர்வோர் ஆணையத்தில் எளிதல்ல. அதற்கு அடியில் கிளிப் போட்டிருந்த உடல்நலக் கேள்வித்தாள்தான் ஆபத்து. ஆஸ்துமா உண்டா? இல்லை. இன்ஹேலர் உண்டா? இல்லை. கீழே உங்கள் மகன் கையெழுத்து. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஊர் நம் ஊர். படிக்காமல் போட்டான் என்று ஆணையத்தில் நின்று சொன்னால் எடுபடாது.

எதிர்தரப்பு ஒரு டாக்டரை வைத்து ஒரே பக்கத்தில் முடிப்பார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் சிக்கிய காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காகும். இழுப்பு உள்ளவருக்குக் காற்று சிக்க வாய்ப்பு அதிகம். வெளியேற வழியில்லாமல் அது ரத்தத்தில் கலந்தால் மூளைக்குப் போகும், கை மரக்கும், பேச்சு குழறும். “உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டர் சான்று கேட்டிருப்போம்” என்று முடித்துவிடுவார்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. மகனிடம் இருப்பது ஓப்பன் வாட்டர் கார்டு, அதாவது டைவிங்கில் ஆரம்பநிலைச் சான்று, அதற்கு 18 மீட்டர்தான் அளவு. அன்று தீவுக்கூட்டத்தின் கால்வாயில் நீரோட்டத்தோடு 29 மீட்டர் வரை இறக்கியிருக்கிறார்கள். மாலத்தீவுச் சட்டம் 30 மீட்டர் வரை விடுகிறது, ஆகவே சட்டமீறல் என்று எழுதிவிடாதீர்கள். பயிற்சிக்கு மீறி அழைத்துப் போன கவனக்குறைவு என்று எழுதலாம். அதற்கு ஆதாரம் டைவ் கம்ப்யூட்டரில், அதாவது இறங்கிய ஆழத்தையும் நேரத்தையும் குறித்துவைக்கும் கருவியில் இருக்கும் பதிவு. கம்ப்யூட்டர் சொந்தமா, படகில் வாடகைக்கு எடுத்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. சொந்தம் என்றால் இன்றே பதிவிறக்கி, மின்னணு ஆவணத்துக்கான, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு வையுங்கள். வாடகை என்றால் ஏறக்குறைய போய்விட்டது.

உங்களைத் தடுக்க நினைப்பது இதற்கு அடுத்த இடத்தில். இன்சூரன்ஸ் நிராகரித்தபோது உங்கள் மகன் அவர்களுக்கு எழுதிய மின்னஞ்சலை இணைத்திருக்கிறீர்கள்: “சிறு வயதில் லேசான வீசிங், பத்து வருடமாக எந்தச் சிகிச்சையும் இல்லை.” இப்போது ஏஜென்ட்டுக்கு அனுப்ப நீங்கள் தயாரித்திருக்கும் வக்கீல் நோட்டீஸில், “தினமும் இன்ஹேலர் எடுப்பதை டைவ் மாஸ்டர் கண்ணால் பார்த்தும் இறக்கினார்.” இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மகனே டாக்டரிடம் சொன்னது மூன்றாவதாக இருக்கிறது: “ஆஸ்துமா, அவ்வப்போது இன்ஹேலர்.”

இதில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் கட்சிக்காரர் ஒருவர், வேறு விபத்து, இதே கதை. காப்பீட்டுக்கு ஒரு வாக்குமூலம், எதிராளிக்கு ஒரு வாக்குமூலம். இரண்டு வழக்கிலும் ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவர் வாங்கித் தாக்கல் செய்தார். குறுக்கு விசாரணைக் கேள்விகளுக்கு அவரால் பதில் எழுத முடியவில்லை. இரண்டிலும் தோற்றார். பொய்ப் பிரமாணம் என்று நடவடிக்கை வராமல் தப்பியதே பெரிது. நல்ல மனுஷர். கோபத்தில் எழுதியதுதான், திட்டமிட்ட பொய் இல்லை. ஆணையத்தில் கோபம் என்று தனியாக ஒரு பத்தி கிடையாது.

ஆகவே முதல் வேலை, அந்த நோட்டீஸை அனுப்பாதீர்கள். மகனும் மருமகளும் யாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

இன்சூரன்ஸை மறந்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஒம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம்) போகும் ஓராண்டு கடந்துவிட்டது, ஆணையத்திலும் அந்த மின்னஞ்சல் காத்திருக்கிறது. படகுக் கம்பெனியை எதிர்தரப்பாகச் சேர்த்தாலும் உத்தரவை மாலத்தீவில் கொண்டுபோய் வசூலிப்பது உங்கள் ஆயுளைத் தின்னும். கைக்கு எட்டுகிறவர் சென்னை ஏஜென்ட் மட்டும்தான். அவரும் “நான் வெறும் இடைத்தரகர்” என்பார், ரசீது அவர் பெயரில் இருப்பதால் முழுதாகத் தப்ப முடியாது. ஆனால் அந்தப் படிவம் இருக்கும்வரை உங்களுக்கு முழு 6 லட்சமும் வராது.

சமரசம் செய்யுங்கள். 3 லட்சம் முதல் பேச்சு. அந்த 29 மீட்டர் பதிவைக் காட்டினால் நாலரை வரை ஏறும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் பிடிவாதம் வேண்டாம். பேசிக்கொண்டே இருப்பதால் காலவரம்பு நிற்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடம், உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம். ஏஜென்ட்கள் இழுத்தடிப்பது இந்தக் கணக்கில்தான். கடைசி மாதம் பிறக்கும்போது பணம் வராவிட்டால் புகாரைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் மகனும் கையெழுத்திட வேண்டும், அடிபட்டவர் அவர். பின்தேதி போட்ட செக் வேண்டாம். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து.