நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி: எதற்கு ஒரு வருடம், எதற்கு மூன்று வருடம்?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பில் இருக்கிறோம். காவலுக்கு நான்கு வயது சிப்பிப்பாறை ஆண் நாய் உண்டு. குட்டியாக இருந்தபோது மூன்று ஊசியும் ஒரு வயதில் ஒரு பூஸ்டரும் போட்டோம். வெறிநோய் ஊசி கடைசியாகப் போட்டு இருபது மாதம் ஆகிறது. இப்போது எட்டு வாரக் குட்டி ஒன்றும் வந்திருக்கிறது. 'ஒன்பது நோய்க்கான ஊசி, வருடா வருடம் போடணும்' என்கிறார்கள் இங்கே. வெளிநாட்டில் இருக்கும் மகனோ 'மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும்' என்கிறான். எது சரி? விட்டுப்போனதற்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?
(வாசகி, உச்சிப்புளி)

மருத்துவர் பதில்:

உங்கள் மகன் சொல்வது ஊசியில் பாதிக்குப் பொருந்தும், மறுபாதிக்குப் பொருந்தாது. ஒரே சிரிஞ்சில் ஏறுவதால் உள்ளே இருக்கும் எல்லா மருந்துக்கும் ஒரே ஆயுள் என்று நினைத்துவிடுகிறோம். அடுத்த முறை டாக்டர் ஊசி தயார் செய்யும்போது கவனியுங்கள். இரண்டு குப்பிகள் இருக்கும். ஒன்றில் உலர்ந்த வெள்ளை வில்லை, மற்றதில் நீர்மம். வில்லையில் இருப்பவை வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்கள்: நரம்பையும் நுரையீரலையும் தாக்கும் டிஸ்டெம்பர், இரத்தக்கழிச்சல் தரும் பார்வோ, கல்லீரல் அழற்சிக்கான அடினோ வைரஸ், கூடவே பாராஇன்ஃப்ளுயன்சா. நீர்மத்தில் பெரும்பாலும் எலிக்காய்ச்சலுக்கான மருந்து. அது வைரஸே இல்லை, கொல்லப்பட்ட பாக்டீரியா. வெறிநோய் ஊசி தனிக் குப்பி, அதுவும் கொல்லப்பட்ட வைரஸ்.

'ஒன்பது நோய்' கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அடினோவில் இரண்டு வகையை இரண்டாக எண்ணுவார்கள், எலிக்காய்ச்சல் கிருமியின் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியாக எண்ணுவார்கள், கொரோனாவையும் சேர்ப்பார்கள். நாய்களின் குடலைத் தாக்கும் அந்தக் கொரோனாவுக்கு ஊசி தேவையில்லை என்பதுதான் உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. எனவே எண்ணிக்கை கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம்.

டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் உயிருள்ள வைரஸ் உடலுக்குள் சிறிதளவு பெருகி, உண்மையான நோய் வந்து போனதைப் போன்ற நினைவை விட்டுச் செல்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு ஷுல்ட்ஸ் செய்த ஆய்வுகளில் இந்தப் பாதுகாப்பு ஏழு வருடம் வரைகூட நின்றது தெரியவந்தது. அதனால்தான் மேற்சொன்ன சங்கம், வளர்ந்த நாய்க்கு இவற்றை மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டாம் என்கிறது. எலிக்காய்ச்சல் ஊசியின் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு வருடம்தான். பாராஇன்ஃப்ளுயன்சாவும் அப்படியே, ஆனால் அது சாதாரண இருமல். மற்ற நாய்களோடு அடைபடாத தோப்பு நாய்க்காக அதை நினைத்து வருடா வருடம் வில்லையைக் கரைக்க வேண்டியதில்லை.

வெறிநோய் ஊசி சிலவற்றுக்குப் பல நாடுகளில் மூன்று வருட உரிமம் உண்டு. இருந்தாலும் நம் ஊரில் வருடம் ஒரு முறை என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மண்டபம், பாம்பன் கரையில் மீன் இறங்கும் இடமெல்லாம் தெருநாய்க் கூட்டம். தோப்பு நாய் இரவில் வேலி தாண்டுவது நமக்குத் தெரிவதும் இல்லை. உள்ளாட்சியில் வளர்ப்பு உரிமம் எடுக்கப் போனாலும் அந்த வருடச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஜூலை 6 (உலக விலங்குவழி நோய்கள் நாள்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் நாள்) ஆகிய நாள்களை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம். முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

இனி உங்கள் சிப்பிப்பாறை. ஒரு வயதில் போட்ட பூஸ்டருக்கு இப்போது மூன்று வருடம் முடிகிறது. வில்லை மருந்துக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டாம், ஒரே டோஸ் போதும், அடுத்தது ஏழு வயதில். வெறிநோய்க்கும் இப்போது ஒரு டோஸ், பிறகு ஆண்டுதோறும். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் கதை வேறு. கடைசி டோஸ் போட்டு ஒன்றேகால் வருடம் தாண்டிவிட்டால் பழைய நினைவை நம்ப முடியாது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் போட்டுத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆகவே முதல் நாள் வில்லையும் நீர்மமும் கலந்த ஊசி ஒரு பக்கம், வெறிநோய் ஊசி மறுபக்கம். மூன்று வாரம் கழித்து எலிக்காய்ச்சல் நீர்மம் மட்டும்.

எலிக்காய்ச்சலை நான் இத்தனை தூரம் பேசுவதற்குக் காரணம் உங்கள் தோப்பு. தென்னையில் எலி இருக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மரத்தடியில் நன்னீர் தேங்கும். எலியின் சிறுநீரில் வரும் கிருமி அந்தத் தேங்கலில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். ஆகவே வருடாந்தர டோஸை ஆகஸ்ட், செப்டம்பரில் வருமாறு நகர்த்திக்கொள்ளுங்கள், பாதுகாப்பு உச்சத்தில் இருக்கும்போது மழை வரும். ஊசி எல்லா ரகக் கிருமியையும் தடுக்காது. எனவே மழைக்காலத்தில் நாய்க்கு மஞ்சள் கண், அடர்நிறச் சிறுநீர், வாந்தி என்றால் ஊசி போட்டிருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.

சிறிய ஊர்களில் ஏழு அல்லது ஒன்பது நோய் ஊசி மட்டும்தான் கையிருப்பில் இருக்கும். எலிக்காய்ச்சல் தனியாகவும், வெறிநோயோடு சேர்ந்தும் சில நிறுவனங்கள் தருகின்றன. ஒரு வாரம் முன்பே போன் செய்து வரவழைக்கச் சொல்லுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் கலப்பு ஊசியையே போட்டுக்கொள்ளலாம். வில்லை ஒரு முறை கூடுதலாகப் போவதால் பெரிய கெடுதல் இல்லை. எலிக்காய்ச்சல் டோஸ் தவறுவதுதான் கெடுதல்.

குட்டிக்கு வருவோம். 'மூன்று ஊசி போட்டாச்சு' என்ற எண்ணிக்கையை விட, கடைசி ஊசி எந்த வயதில் போடப்பட்டது என்பதுதான் முக்கியம். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி, ஊசியில் போகும் வைரஸையும் பெருகவிடாமல் அடக்கிவிடும். அது சில குட்டிகளில் எட்டு வாரத்தில் தீரும், சிலவற்றில் பதினாறு வாரம் வரை நிற்கும். பன்னிரண்டு வாரத்தோடு நிறுத்திய குட்டி பார்வோவில் சாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே இப்போது ஒன்று, பன்னிரண்டு வாரத்தில் ஒன்று, பதினாறு வாரம் நிறைந்த பிறகு ஒன்று. ஒரு வயது வரை காத்திருக்காமல் ஆறு மாதம் முடிந்ததும் இன்னொன்று. மேற்சொன்ன சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது, ஏனென்றால் பதினாறு வாரத்திலும் ஊசி பலிக்காமல் போன குட்டி எஞ்சிய எட்டு மாதத்தைப் பாதுகாப்பில்லாமல் கழிக்க நேரும். வெறிநோய் முதல் டோஸ் பன்னிரண்டு வாரத்தில். நம் பகுதிக்கு மூன்று நான்கு வாரத்தில் இரண்டாவதும் போடுவது நல்லது. எலிக்காய்ச்சல் டோஸ்களை பன்னிரண்டு, பதினாறு வார ஊசியோடு சேர்த்துவிடலாம்.

பதினாறு வார ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியை வெளிநாய் வரும் இடத்தில் விட வேண்டாம். தோப்பில் முன்பு எந்த நாயாவது இரத்தக்கழிச்சலில் செத்திருந்தால், பார்வோ கிருமி நிழலான மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடலாம். மண் தரையில் அது வேலை செய்யாது.

மருந்தை நீங்களே வாங்கிக் கொண்டுபோவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கரையில் எல்லார் வீட்டிலும் மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டி உண்டு, அதில் ஐஸ் நிரப்பிக் குப்பியை நேரே புதைப்பார்கள். வெப்பத்தில் வில்லை கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்துபோனால் வெறிநோய் ஊசியும் எலிக்காய்ச்சல் நீர்மமும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. உறைந்து உருகிய குப்பி பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குப்பியைச் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றி, ஐஸ் தொடாமல் மேலே வையுங்கள். வில்லையைக் கரைத்ததும் அரை மணிக்குள் போட்டாக வேண்டும். எடை எதுவானாலும் முழு 1 மில்லி. 'சின்னக் குட்டி, பாதி போதும்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காய்ச்சல் இருந்தாலோ, உண்ணிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை நடந்தாலோ, அதிக அளவில் ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தாலோ ஊசியைத் தள்ளிப்போடுங்கள். சினை நாய்க்கு உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது. போட்ட பிறகு அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருங்கள். முகம் வீங்குதல், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அப்போதே மருந்து கொடுக்கலாம். ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி இரண்டு மூன்று வாரத்தில் கரையும். அட்டையில் தேதியோடு குப்பியின் ஸ்டிக்கரையும் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த வருடம் எது வில்லை, எது நீர்மம் என்று பார்த்து முடிவெடுக்க அதுதான் உதவும்.

கடைசியாக ஒன்று. வெறிநோய் ஊசி கடைசியாகப் போட்டு இருபது மாதம் ஆன இந்த நிலையில், தேங்காய் பறிக்க வருபவரை நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று அவருடைய ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.