ராகம் தெரியாமல் கச்சேரிக்குப் போகலாமா?

கேள்வி: போன மார்கழியில் தோழி வற்புறுத்திச் சென்னையில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு அழைத்துப் போனாள். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. பாடகி வாயைத் திறந்ததுமே சுற்றி இருந்தவர்கள் ‘கரஹரப்ரியா’ என்று கிசுகிசுத்தார்கள். கூச்சமாக இருந்தது. ஆனால் ஆலாபனையின் நடுவில் காரணமே தெரியாமல் அழுதுவிட்டேன். இது ரசனையா, வெறும் உணர்ச்சிவசப்படுவதா?
- வாசகி, திருச்சி

பதில்: கூச்சமே வேண்டாம். உங்களுக்கு ராகங்கள் தெரியும், பெயர்தான் தெரியாது. கோயிலில் நாகஸ்வரம் கேட்டிருப்பீர்கள், சினிமாப் பாட்டு கேட்டிருப்பீர்கள், நீலாம்பரியில் யாராவது தாலாட்டு பாடியிருப்பார்கள். கல்யாணியும் மோகனமும் அப்படித்தான் பேர் சொல்லாமலே நமக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பெயரைக் கண்டுபிடிப்பது பெரிய சந்தோஷம், நானும் அதில் மயங்கியவன்தான். ஆனால் பெயர் கிடைத்ததும் பலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

அழுகைக்கு வருகிறேன். ஆலாபனை என்பது ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது. அதில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள் கிடையாது, தாளமும் கிடையாது. அதுவரை தொடையில் தட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்போது சும்மா கிடக்கும், அடுத்த முறை கவனியுங்கள். அர்த்தமில்லாத சில அசைகளை வைத்துக்கொண்டு பாடகி ஒவ்வொரு ஸ்வரமாகப் போய் நின்று, திரும்பி வந்து, மறுபடி கொஞ்சம் மேலே ஏறி, கடைசியில் மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ஸ’வில் சேர்ந்து நிற்கிறார்; வயலினும் அங்கேயே வந்து சேர்கிறது; பின்னால் தம்புரா ஆரம்பத்திலிருந்தே அந்த ஷட்ஜத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிற இடம் அது. இவ்வளவு தூரம் தேடிப்போனது முதலிலிருந்தே பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. ஒரு சொல்கூட இல்லாமல் இதை ஒருவர் நமக்குக் காட்டிவிட்டால் கண் நிறையாமல் என்ன செய்யும்? ரசனை, உணர்ச்சி என்று பிரித்துப் பார்க்கவே வேண்டாம். அடுத்த கச்சேரிக்குச் சீக்கிரமே போய், சுருதி சேர்க்கும்போது பேசாமல் அதை மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். மற்றது அப்புறம் வரும்.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பாடுவதெல்லாம் பக்திப் பாட்டு. அதைக் கேட்டு நான் உருகுவது பாசாங்கு என்று மனைவி சொல்கிறாள்.
- வாசகர், கோவை

பதில்: உருக்கம் உண்மையாக இருக்கும்போது அது எப்படிப் பாசாங்காகும்? நான் நம்புகிறவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்தப் பாட்டுகளில் சாமியைப் புகழ்வது மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கெஞ்சல் இருக்கிறது, கோபம் இருக்கிறது, ‘என்னை ஏன் கண்டுகொள்ளவில்லை’ என்ற சண்டை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரத்தில் ‘வருகலாமோ’ என்று ஒரு பாட்டு வரும், மாஞ்சி ராகத்தில். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட ஒரு பண்ணையாள், தில்லையில் உன் பக்கத்தில் வந்து நிற்கலாமா என்று கேட்கிறான். அந்தக் கேள்வி கடவுளிடம் கேட்டது மட்டுமில்லை. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று முடிவுசெய்த மனிதர்கள் எல்லாரிடமும் கேட்டது. மாஞ்சியின் அந்த இழுப்பில் ‘லாமோ’ என்று குரல் தயங்கி இறங்கும்போது, கேட்பவர் ஆத்திகரா நாத்திகரா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. குளுகுளு சபாவில் வசதியாக உட்கார்ந்து அதைக் கேட்கும் என்னைப் போன்ற பக்தர்களுக்குத்தான் அந்தப் பாட்டு இன்னும் அதிகமாகக் குத்த வேண்டும் என்பேன்.

உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கேள்வி: தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் பாதி சபா எழுந்து கேன்டீனுக்குப் போகிறதே, இது சரியா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: சரியே இல்லை. அதுவரை பாட்டைத் தாங்கி, பாடகர் எங்கே போனாலும் கூடவே போய், அடக்கி வாசித்த மிருதங்கக்காரருக்குத் தன் பேச்சைப் பேசக் கிடைக்கிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் பாடகரைப் பாருங்கள். மேடையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அவர் வாயை மூடிக்கொண்டு, மிருதங்கத்துக்காகவும் கடத்துக்காகவும் கையால் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அத்தனை பேர் தன்னைக் கேட்க வந்திருக்க, அவர் இன்னொருவருக்காக எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆன்மிகம் பற்றி நிறையப் பேசுகிறோம், எனக்கு அது கண்ணால் தெரிவது அங்கேதான். போண்டா கச்சேரி முடிந்த பிறகும் கிடைக்கும்.

கேள்வி: அப்பாவுக்குத் தோடி என்றால் உயிர். அவர் போன பிறகு அந்த ராகத்தை என்னால் கேட்க முடியவில்லை. சபாவில் யாராவது தொடங்கினால் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். கச்சேரிக்குப் போவதையே விட்டுவிடலாமா?
- வாசகி, சேலம்

பதில்: விடாதீர்களம்மா. எழுந்து வருவதில் தப்பு எதுவும் இல்லை. துக்கத்துக்கு மருந்து சங்கீதம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சில நாள் அது புண்ணைக் கிளறத்தான் செய்யும், கிளறும்போது தாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். தோடி உங்கள் அப்பாவுக்கு முன்பும் இருந்தது, அவரும் யாரோ பாடக் கேட்டுத்தான் அதில் விழுந்தார். அவர் கேட்ட அதே காந்தாரம், அந்த ‘க’ ஸ்வரம், அதே அசைவோடு, இன்றைக்கு ஒரு சின்னப் பெண்ணின் குரலில் வருகிறது. அவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இருக்கும் என்று நினைக்கிறேன். அவசரமில்லை. தோடி பெரிய ராகம், பாட எடுத்தால் முக்கால் மணி நேரம்கூடப் போகும், முழுவதும் உட்கார வேண்டியதில்லை. ஓர இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள், கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தவரை கேளுங்கள், முடியாதபோது எழுந்து போய்விட்டு அடுத்த பாட்டுக்கு உள்ளே வாருங்கள்.