உல்லன் நூல் சுருங்காததற்கு உங்கள் கை காரணம் இல்லை

கேள்வி: "ஈரோட்டில் ஒரு கடையில் அரைக் கிலோ உல்லன் நூல் வாங்கி மூன்று தொப்பி பின்னினேன். வெந்நீரில் துவைத்தால் சுருங்கி, கெட்டியான ஃபெல்ட் தொப்பியாகும் என்று வீடியோவில் பார்த்து அப்படியே செய்தேன். மூன்று தடவை துவைத்தும் சுருங்கவில்லை, இன்னும் தொளதொளவென்று ஆகிவிட்டது. இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் நூல் தருகிறேன், 100 ஃபெல்ட் தொப்பியை 20 நாளில் முடித்துத் தாருங்கள், ஒன்றுக்கு 60 ரூபாய் என்கிறார். நூலுக்கு 3,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டுமாம். என் துவைப்பில் என்ன தவறு? ஆர்டரை எடுக்கலாமா?" – வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்:

துவைப்பில் தவறு இல்லைங்க. நீங்கள் வாங்கியது உல்லனே அல்ல, அக்ரிலிக். நம் ஊரில் ஊசியால் பின்னுகிற பஞ்சுபோன்ற எந்த நூலுக்கும் 'உல்லன்' என்றே பெயர். நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் 'அக்ரிலிக்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு எடை போட்டு விற்கும் கடையில் அதுவும் இருக்காது. பிளாஸ்டிக்குக்குத் தம்பியான ஒரு இழையை ஆட்டு ரோமத்தின் பெயரில் பட்டப்பகலில் விற்கலாம், கேட்க ஆள் கிடையாது. மூன்று மாதப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுக்கிற இடங்களிலேயே அக்ரிலிக்கை வைத்துக்கொண்டு 'உல்லன் தொழில்' சொல்லித் தருகிறார்கள். அப்புறம் கடைக்காரரை என்ன சொல்ல?

ஃபெல்ட் என்றால் என்ன என்பதை உங்கள் தலைமுடியை வைத்தே சொல்லிவிடலாம். உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நீளவாக்கில் பிடித்து முன்னும் பின்னும் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக, வேர் இருந்த முனை முன்னால் போக, நகரும். எத்தனை முறை தேய்த்தாலும் அதே பக்கம்தான். முடியின் மேல் கூரை ஓடு வேய்ந்த மாதிரி நுண்ணிய செதில்கள் இருப்பதுதான் காரணம். ஆட்டுக் கம்பளிக்கும் அதே செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டுக் கசக்கும்போது ஒவ்வொரு இழையும் ஒரு பக்கமாக ஊர்ந்து, பக்கத்து இழைக்குள் புகுந்து, திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். சீவாமல் விட்ட தலையில் சடை பிடிக்கிறதே, அதுதான் ஃபெல்ட். அக்ரிலிக் இழை வழவழவென்று இருக்கும், அதில் செதில் கிடையாது. அதற்குச் சடை பிடிக்காது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் இழை தளர்ந்து தொய்ந்துபோகும். உங்கள் தொப்பி தொளதொளவென்று ஆனது அதனால்தான். ஆனது ஆனதுதான், பழைய விறைப்பு வராது.

நூலை வாங்குமுன் கடையிலேயே ஒரு முழம் கேட்டு வாங்கி வந்து எரித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவுகிற தொட்டியில், இடுக்கியால் பிடித்து. அக்ரிலிக் உருகிச் சொட்டும், கையில் பட்டால் கொப்பளிக்கும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் பொடிக்கலாம். அக்ரிலிக் என்றால் கறுத்த, கல் மாதிரி உருண்டை மிஞ்சும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எத்தனையோ பேர் பணத்தை விட்டது இதில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 'சூப்பர்வாஷ்' என்று ஒரு கம்பளி இருக்கிறது. நூற்றுக்கு நூறு மெரினோ, அதாவது மெல்லிய ஆட்டுக் கம்பளி, கலப்படம் இல்லை. வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்கக் கூடாது என்பதற்காக, குளோரினால் செதில்களின் கூர்மையை மழுங்கடித்து, மேலே மெல்லிய பிசின் பூசிவிடுவார்கள். எரித்தால் முடி நாற்றம் வரும், சாம்பல் பொடியும். நெருப்புச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும், ஆனால் ஃபெல்ட் மட்டும் ஆகாது. எனக்கே இது நடந்தது. வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த நல்ல நூலில் பத்து நாள் பின்னி, மெஷினில் ஒரு மணி நேரம் அடித்து எடுத்தால், போட்ட தொப்பி அப்படியே பளபளவென்று சிரிக்கிறது! லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். லேபிள் இல்லாத நூலில் அதைக் கண்டுபிடிக்க நெருப்பு உதவாது, உள்ளங்கைதான் உதவும். ஒரு சாண் நூலை எடுத்து முறுக்கைப் பிரித்து, ஒரு சொட்டு சோப்பு, வெந்நீர் தொட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மூன்று நிமிடம் உருட்டுங்கள். பட்டாணி மாதிரி இறுகி, நகத்தால் கிள்ளினாலும் பிரியாமல் இருந்தால் அது ஃபெல்ட் ஆகும். கிள்ளியதும் பிரிந்து வந்தால் எந்த நாட்டுக் கம்பளியானாலும் வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் செய்யுங்கள். வெளுத்த வெள்ளை சில சமயம் மக்கர் பண்ணும்.

நம் பக்கத்து ஆட்டு ரோமத்தில் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, குட்டை முடிதான். கோயமுத்தூர் ஆடு என்கிற குரும்பைக்கு உண்டு. ஆனால் முரட்டுக் கம்பளி, போர்வைக்கு ஆகும், நெற்றியில் பட்டால் அரிக்கும்.

சரி, நல்ல நூல் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். நேராகத் தொப்பியில் இறங்காதீர்கள். திருப்பூரில் பனியன் துணிக்கு ஷ்ரிங்கேஜ், அதாவது எவ்வளவு சுருங்கும் என்று, பார்க்காமல் கட்டிங் டேபிளுக்கு விடுவார்களா? அதே கதைதான். 6 மி.மீ. ஊசியில் 30 கண் (ஊசியில் விழும் வளையம்), 40 வரிசை தளர்வாகப் பின்னுங்கள். 20 செ.மீ. சதுரம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுருக்கி எடுத்தபின் அகலம் 16, உயரம் 14 இருக்கிறது. உயரம்தான் கூடுதலாகச் சுருங்கும், பெரும்பாலும் இப்படித்தான் வரும். தலை 56 செ.மீ. என்றால், ஃபெல்ட் இழுத்தால் விரியாது என்பதால் 57 ஆக வையுங்கள். 30 கண் 16 செ.மீ. ஆனால் 57 செ.மீ.க்கு 107 கண். 108 போட்டால் ஒன்பது பாகமாகப் பிரித்து உச்சியில் குறைக்க வசதி. ஆழம் 20 செ.மீ.க்கு 57 வரிசை. பின்னி முடித்ததும் சுற்றளவு 72 செ.மீ. இருக்கும், பொங்கல் பானைக்கே மாட்டலாம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பின்னல் வகையைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஃபெல்ட்டுக்கு வெறும் நிட் பின்னல், அதாவது திருப்பூர்க்காரர் சிங்கிள் ஜெர்சி என்று சொல்வது, அதுவே போதும். ரிப், கேபிள் எல்லாம் சடைக்குள் மறைந்துவிடும், உழைப்பு வீண்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷின்தான் இதற்கு வசதி, எப்போது வேண்டுமானாலும் மூடியைத் திறக்கலாம். கதவு பூட்டிக்கொள்ளும் ஃப்ரண்ட் லோடு வேண்டாம். தொப்பியைப் பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, உரசலுக்கு இரண்டு பழைய ஜீன்ஸும் சேர்த்து, கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 டிகிரியில், ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பின்னல் கண்கள் மறைந்து அளவு வந்த நொடியே நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் பேத்திக்குத்தான் போடலாம். தண்ணீரும் முக்கியம். போர் தண்ணி உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து கம்பளியில் ஒட்டும். ஆத்துத் தண்ணி வருகிற அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலசிப் பிழிந்தபின் 18 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் குண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவிடுங்கள். 57 செ.மீ. சுற்றளவுக்கு அது சரியாக வரும்.

இனி ஏஜென்ட். மேலே சொன்ன தொப்பியில், உச்சியில் குறைவதைக் கழித்தாலும் சுமார் 5,000 கண் இருக்கிறது. நிமிடத்துக்கு 20 கண் போட்டால் நாலு மணி நேரத்துக்கு மேல். 60 ரூபாயை வகுத்தால் மணிக்கு 15 ரூபாய்கூட வராது. துவைப்பது, காயவைப்பது, கரண்ட் தனி. 100 தொப்பிக்கு 400 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 நாளில் என்றால் தினம் 20 மணி நேரத்துக்கு மேல். தூங்காமல், சோறாக்காமல் பின்னினால்தான் முடியும். அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைக்கிறீர்களா அம்மணி? நன்றாகத் தெரியும். முடியாத தேதியைக் கொடுத்து, தாமதம் என்று சொல்லி டெபாசிட்டை வைத்துக்கொள்வதே இந்தத் தொழிலில் சிலருக்கு வருமானம். வேறு சிலர், தொப்பிகளை வாங்கிக்கொண்டு 'குவாலிட்டி ரிஜெக்ட்' என்று எழுதி, ரிஜெக்ட் ஆனதையும் திருப்பித் தராமல் சந்தையில் விற்றுவிடுவார்கள்.

அப்படியும் பேசிப் பார்க்க ஆசை என்றால், முதலில் அவர் தரும் நூலில் ஒரு முழம் கேளுங்கள். உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். அக்ரிலிக்கைக் கொடுத்து ஃபெல்ட் தொப்பி கேட்கிற ஆளாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அது யாராலும் முடியாத வேலை, டெபாசிட் போனது போனதுதான். நூல் தேறினால் ஒரு மாதிரித் தொப்பி செய்து, அளவு, எடை, எது ரிஜெக்ட், ரிஜெக்ட் ஆனது யாருக்குச் சொந்தம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டெபாசிட் கட்டவே கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர்தான் முன்பணம் தர வேண்டும்.

'சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, உத்யம் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன், 2,000 ரூபாய் ஆகும்' என்று அதே ஆளோ அவர் நண்பரோ வருவார், பாருங்கள். 2020 ஜூலையிலிருந்து இருக்கிற அந்தப் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணம் எதுவும் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். இணையத்தில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே வேஷம் கட்டி, பணம் கேட்கிற தனியார் பக்கங்களும் வந்து நிற்கும். இலவசத்தை இலவசமாகக் கொடுக்க வழி செய்யாத நிர்வாகத்தை என்னவென்று சொல்வது!

அந்த மூன்று தொப்பிகளை எறிய வேண்டாம். விளிம்பை உட்பக்கம் மடித்துத் தைத்து, நடுவில் எலாஸ்டிக் விட்டால் மார்கழிப் பனிக்கு ஆகும், தொய்ந்த அக்ரிலிக் காதுக்கு மெத்தென்று இருக்கும். மேலே இஸ்திரி மட்டும் வைக்காதீர்கள். நூலில் மீதி இருந்தால் ஃபெல்ட்டை மறந்துவிட்டு, ஒரு நிட் ஒரு பர்ல் என்று ரிப் போட்டுச் சாதாரணத் தொப்பி பின்னுங்கள். ரிப் இழுத்தால் விரியும், அதனால் தலை அளவைவிட மூன்று நாலு செ.மீ. குறைத்தே கண் போடுங்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்தத் தொப்பியைத்தான்.