ரங்கூன் சோபாவை இழைக்க வேண்டாம்

கேள்வி: தேவகோட்டைப் பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்தபோது, மூன்று பேர் உட்காரும் பிரம்பு சோபா ஒன்று எங்களுக்கு வந்தது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் தந்தை, ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது, நூறு வருடத்துக்கு மேல் பழையது என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். கைகள் அகலமாக வளைந்து கீழே இறங்கும். செதுக்கு வேலை எதுவும் இல்லை. உட்காரும் இடத்தில் பிரம்பு கிழிந்துவிட்டது, முதுகுப் பக்கம் தொய்ந்திருக்கிறது, ஒரு கால் ஆடுகிறது, கைகளில் டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள் இருக்கின்றன. முழுவதும் இழைத்துப் பளபளப்பான பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்து, பிரம்புக்குப் பதில் பிளைவுட் வைத்து ஃபோம் தைத்துவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா? இது எந்த மரம், எத்தனை வருடப் பழையது?

பதில்: ஆசாரியைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் வேலையைச் செய்துவிட்டால் நீங்கள் கேட்கும் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல உதவும் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

முதலில் இரண்டு பேராகப் பிடித்து சோபாவைக் கவிழ்த்து வையுங்கள். பாலிஷ் படாத அடிப்பக்கச் சட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டுங்கள். பொன் கலந்த பழுப்பு நிறம், தொட்டால் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு, பழைய தோலை நினைவூட்டும் வாசனை இருந்தால் தேக்கு. ஊதா கலந்த கரும்பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடி, இனிய மணம் வந்தால் ஈட்டி. தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ, ஈட்டி 850 கிலோவை ஒட்டி வரும். ஆனால் பர்மா தேக்கா, கேரளத்து நிலம்பூர்த் தேக்கா என்று வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. நேரான ரேகையும் ஒரே சீரான நிறமும் பர்மாவைச் சுட்டலாம். அது சான்று ஆகாது.

வயதுக்கு வருவோம். செதுக்கு வேலை இல்லாமல் அகலமாக வளைந்து இறங்கும் கைகள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஆர்ட் டெகோ பாணி. அந்தப் பாணி 1925ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியால் உலகப் புகழ் பெற்று, 1930களில் பம்பாய், மதராஸ் வீடுகளுக்குள் பரவியது. எனவே நூறு வருடம் என்பது சற்றுக் கூடுதல். 1930களின் நடுவிலிருந்து 1950 வரை என்பது என் கணிப்பு.

கப்பல் கதையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. அப்போது அசாம் காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் சோபாவைச் சுமந்திருக்க முடியாது. 1964க்குப் பிறகு பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் மிகக் குறைந்த பொருளுடன்தான் வந்தார்கள். ஆகவே போருக்கு முன்போ, போர் முடிந்து 1964க்குள்ளோ ஐயா ஊர் திரும்பியிருந்தால் அப்பத்தா சொன்னது நடந்திருக்கலாம். பர்மாவிலிருந்து மரம் மட்டும் வந்து சோபா இங்கே செய்யப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. மதராஸ் மவுண்ட் ரோட்டில் கர்சன் அண்ட் கோ போன்ற கடைகள் நல்ல மரச்சாமான்களைச் செய்து விற்றன. அடிச்சட்டத்தில் பித்தளைத் தகடோ, மை முத்திரையோ, பென்சில் எழுத்தோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். வீட்டுக் கல்யாண ஆல்பங்களையும் புரட்டுங்கள். மணமக்கள் இந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு படம் கிடைத்தால், அந்த வருடத்தில் அது வீட்டில் இருந்தது உறுதி. திருகாணியை மட்டும் நம்பாதீர்கள். ஒற்றைக் கோடு வெட்டிய திருகாணி நம் ஊரில் மிக அண்மைக்காலம் வரை புழங்கியது. கூட்டல் குறித் தலை இருந்தால், பெரும்பாலும் அது பின்னாளில் நடந்த பழுதுபார்ப்பு.

இனி பாலிஷ். சோபாக் கையின் உட்புறத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் (ஷெல்லாக்) பாலிஷ். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இழைக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமே இதுதான். ஸ்பிரிட்டில் கரைத்த புது அரக்கைப் பூசினால் அது பழைய அடுக்கை இளக்கி அதனுடன் ஒன்றாகிவிடும். தேய்ந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். எண்பது வருடமாகக் கைபட்டு ஆழ்ந்த நிறம் அப்படியே நிற்கும். பி.யு. அப்படி இல்லை. ஓரிடத்தில் உரிந்தால் அங்கே மட்டும் ஒட்டுப்போட முடியாமல் மறுபடி மொத்தத்தையும் இழைக்க வேண்டி வரும். ஒவ்வோர் இழைப்பிலும் அந்த வளைவுகளின் விளிம்பு மழுங்கும். போன விளிம்பை யாராலும் திருப்பித் தர முடியாது.

வேலையின் வரிசை முக்கியம். ஈரத்தை நன்றாகப் பிழிந்த துணியால் தூசியையும், டர்பன்டைனால் பழைய மெழுகையும் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், தூசிதான் ஒட்டும். அடுத்தது ஆடும் கால். அந்தக் காலத்தில் ஒரு சட்டத்தின் துளைக்குள் மற்றொன்றின் நாக்கை இறக்கி வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிய பசை) போட்டு ஒட்டுவார்கள். வஜ்ஜிரம் வெந்நீருக்கும் சூட்டுக்கும் இளகும். பொருத்தை மெல்ல விடுவித்து, பழைய பசையைச் சுத்தமாகக் கழுவி, நன்றாக உலரவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும். பழைய வஜ்ஜிரத்தின் மேலேயே இன்றைய வெள்ளைப் பசையை ஊற்றினால் சரியாகப் பிடிக்காது. தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைப்பது நல்லது. கோணத் தகடும் ஆணியும் அடித்து இறுக்க மட்டும் அனுமதிக்காதீர்கள். ஆணி அடித்த நாக்கு பிளந்துவிடும். சிறு ஓட்டைகளிலிருந்து புது மாவு உதிர்ந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப்புப் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். தேக்கின் வயிரத்தை, அதாவது உள்மரத்தை, அது அவ்வளவாகத் தொடாது, வெளிறிய வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அந்த இடத்துக்கு மட்டும் மருந்து வைத்தால் போதும்.

வெள்ளை வளையங்கள் அரக்குக்குள் ஈரம் புகுந்ததால் வந்தவை. ஸ்பிரிட்டை மிக மிகக் குறைவாகத் தொட்ட துணியால் வேகமாக ஓரிரு முறை தடவினாலே பெரும்பாலும் மறையும். பிறகு பஞ்சுப் பொட்டலத்தால் மெல்லிய பாலிஷ் அடுக்குகள். இதை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளுத்துப்போகும். மாசி, பங்குனி நல்ல காலம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்பு எரியக் கூடாது. பாலிஷ் வேலையில் ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், அது பட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்த பின்தான் எறிய வேண்டும்.

பிரம்பு கடைசியில்தான், பாலிஷ் முடிந்த பிறகு. தொய்ந்த முதுகுப் பகுதி முறியாமல் இருந்தால் மாற்றத் தேவையில்லை: பின்புறத்திலிருந்து ஈரத்துணியால் நனைத்து, நிழலில் ஓர் இரவு விட்டால் காயும்போது தானே இறுகும். பளபளப்பான முன்பக்கம் நீரை எளிதில் இழுக்காது என்பதால்தான் பின்புறம். கிழிந்த உட்காரும் பகுதியின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது; ஒரு காடி (நீண்ட பள்ளம்) ஓடி அதற்குள் பிரம்புக் கீற்றை அழுத்தியிருந்தால் பாய்போல் பின்னி வந்த பிரம்பு. துளைகள் இருந்தால் கையால்தான் திரும்பப் பின்ன வேண்டும். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு ஓட்டம் ஓடி எண்கோணக் கண்கள் விழும். ஓரத்தில் ஒரு கட்டுப் பிரம்பு சுற்றி முடிப்பார்கள். பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையங்களில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வரும் தொழில் இது. அங்கே விசாரித்தால் நல்ல கைகள் கிடைப்பார்கள். பிளாஸ்டிக் பிரம்பு வேண்டாம். நனைத்தால் இறுகும் குணம் அதற்கு இல்லை.

பிளைவுட்டை ஆணியடித்தால் அந்தத் துளைகள் பிளந்து, பிறகு பின்னவே முடியாமல் போகும். மெத்தென்று வேண்டுமானால் இலவம் பஞ்சுத் திண்டு தைத்துப் பிரம்பின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் துண்டுக்கோ ஒட்டுக்கோ பழைய தேக்கு தேவைப்பட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் தேடுங்கள். நிறம் ஒத்துப்போக இடிந்த வீட்டு மரம்தான் சரி. கிழிந்த பிரம்பை வெட்டி எடுக்கும் முன் பின்னலைப் படம் பிடித்து, ஒரு துண்டைப் பின்னுபவரிடம் கொடுங்கள். எந்த அகலப் பிரம்பு வாங்குவது என்று அதைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.