ரத்தம் நின்றுவிட்டது, மாத்திரையை விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். மெசலமின் மாத்திரை சாப்பிட்டும் தினமும் ஆறேழு தடவை ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று சீன மருந்துக் கடையில் 'சிங்தை' என்ற நீலத் தூளை வாங்கி, காப்ஸ்யூலில் அடைத்துச் சாப்பிடுகிறான். மூன்றே வாரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. இனி மாத்திரையே வேண்டாம் என்கிறான். விட்டுவிடலாமா டாக்டர்?
- வாசகி, ஜொகூர் பாரு

பதில்: மாத்திரையை விடக் கூடாது அம்மா. ஆனால் ரத்தம் நின்றது தற்செயல் என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அந்தத் தூள் உண்மையிலேயே வேலை செய்கிறது. நீலச்சாயம் எடுக்கும் செடிகளின் இலையை ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்து அடித்து, மேலே வரும் நுரையைக் காயவைத்து எடுப்பதுதான் சிங்தை. ஜப்பானில் 86 நோயாளிகளிடம் எட்டு வாரம் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் 1 கிராம் எடுத்தவர்களில் 75 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, மருந்தில்லாத வெற்று காப்ஸ்யூல் எடுத்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான்.

அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள் என்பதுதான் உங்கள் மகன் கேட்க வேண்டிய விஷயம். ஆய்வுக்கு வெளியே, தானாகவே தூளை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது. 2016 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. இந்தக் கோளாறு சத்தமில்லாமல் வரும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், இளைஞர்கள் அதை அசதி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தூளை நிறுத்தியதும் பலருக்கு அது குறைந்திருக்கிறது, அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஈரல் பாதிப்பும் வந்திருக்கிறது. இன்னொன்று, கடைகளில் விற்கும் பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை பிடித்திருக்கிறது, ஆகவே அந்தப் பொட்டலத்தில் சிங்தை மட்டும்தான் இருக்கிறதா என்பதே நமக்குத் தெரியாது.

சரி, இப்போது என்ன செய்வது? பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே குடல் டாக்டரைப் பாருங்கள், திட்டுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை, குடலில் அழற்சி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் கால்புரோடெக்டின், மூன்றும் தேவை. மெசலமினை விட்டிருந்தால் இன்றே திரும்ப ஆரம்பிக்கட்டும். மாத்திரை மட்டும் போதாதவர்களுக்கு அதே மருந்தை எனிமாவாக ஆசனவாய் வழியே சேர்த்துக் கொடுத்தால் நன்றாகக் கேட்கும், கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனையோ பேர் அதை வாங்கி அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கொஞ்ச காலத்துக்கு ஸ்டீராய்டு, அப்புறம் இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. விலை அதிகம்தான், ஆனால் கண்காணிப்போடு கொடுக்கப்படுபவை.

கேள்வி: இதே நோய்க்கு நிலவேம்பு நல்லது என்கிறார்களே?
- வாசகர், ஈப்போ

பதில்: சீன வைத்தியத்திலும் நிலவேம்பு உண்டு. அதன் சாற்றை 224 பேரிடம் சோதித்தபோது, நாளுக்கு 1800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேர் தேறினார்கள், வெற்று மாத்திரையில் 40 சதவீதம். நம்பிக்கையோடு அடுத்த கட்டப் பெரிய ஆய்வுக்குப் போனார்கள், பலன் தெரியாது என்று ஆய்வின் நடுவில் போட்ட கணக்கிலேயே புரிந்து 2014-ல் கைவிட்டார்கள். காய்ச்சலுக்குக் குடிக்கும் கஷாயத்தை நம்பி இந்த நோய்க்கான மாத்திரையைக் குறைக்காதீர்கள்.