ஒரே தீவு, இரண்டு கணக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கரீபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவை ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மிகுதி. எனவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அத்தீவுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வானிலிருந்து எடுத்த படங்களில் இவ்விரு நாடுகளின் எல்லைக்கு ஒருபுறம் பச்சையாகவும் மறுபுறம் பழுப்பாகவும் தெரிகிறது. ஒரே தீவில் ஒரு நாடு வளர்ந்தும் மற்றொன்று வறுமையிலும் இருக்கக் காரணம் இயற்கையா, மக்களின் இயல்பா?
— புவியியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இயற்கைக்கு ஒரு சிறு பங்கு உண்டு; மக்களின் இயல்புக்கு இல்லை. டொமினிக்கன் குடியரசின் பரப்பு ஏறத்தாழ 48,670 சதுர கிலோமீட்டர். ஹைட்டியின் பரப்பு 27,750 சதுர கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினாலும் தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்கைத் தாண்டாது. மக்கள்தொகையோ இரு நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒவ்வொன்றிலும் ஒரு கோடியே பத்து இலட்சத்தை ஒட்டி வாழ்கிறார்கள். ஆகவே, ஹைட்டியர் ஒருவரின் பங்குக்கு வரும் நிலம், கிழக்கே வாழும் டொமினிக்கர் ஒருவரின் பங்கில் பாதியைவிடச் சற்றே கூடுதல்தான். அதிலும் பெரும்பகுதி மலைச்சரிவு. தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் வழங்கிய ‘அயிட்டி’ என்ற பெயருக்கே மலைநாடு என்பதுதான் பொருள். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றின் ஈரத்தை, கரீபியன் தீவுகளிலேயே மிக உயர்ந்த பிக்கோ டுவார்ட்டே சிகரத்தைக் கொண்ட நடு மலைத்தொடர் கிழக்கிலேயே பெருமளவு வாங்கிக்கொள்வதால், மேற்கில் பல இடங்கள் மழைமறைவில் அமைந்துவிடுகின்றன. மழைமறைவு என்றால் என்னவென்று திண்டுக்கல்லில் இருக்கும் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காற்றும் மலையும் 1789ஆம் ஆண்டிலும் அங்கேயேதான் இருந்தன. அப்போது மேற்குப் பகுதி, சான்-டொமிங்க் என்ற பெயரில் பிரான்சின் மிகுந்த வருவாய் தரும் குடியேற்றமாக இருந்தது. ஐரோப்பா உண்ட சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கிருந்து கப்பலேறியது. ஸ்பெயினின் கையிலிருந்த கிழக்குப் பகுதியோ மாடு மேய்ந்துகொண்டிருந்த, தலைமை நாடு ஏறக்குறைய மறந்தே போன ஒரு மூலை. அன்றைய பயணி ஒருவர் தங்கள் கேள்வியைக் கேட்டிருந்தால், கிழக்கு ஏன் இப்படிப் பின்தங்கிக் கிடக்கிறது என்றுதான் கேட்டிருப்பார். மேற்கின் அந்தச் செல்வம் ஏறத்தாழ ஐந்து இலட்சம் அடிமைகளின் உடல்களிலிருந்து பிழிந்தெடுக்கப்பட்டது என்பதையும், அவர்களுக்கு அதில் ஒரு காசும் சேரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

படத்துக்கு வருவோம். எல்லையின் சில இடங்களில் அது காட்டுவது உண்மையே. ஆயினும் ஹைட்டி முழுவதும் மொட்டை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அங்கே 2 சதவீதக் காடுதான் எஞ்சியிருக்கிறது என்று பல்லாண்டுகள் எழுதப்பட்டது; தோப்புகளையும் இரண்டாம் தலைமுறைக் காடுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிற்காலச் செயற்கைக்கோள் ஆய்வுகள் அதைவிடப் பன்மடங்கு மரப்பரப்பைக் கண்டன. பழமையான காடு மிகக் குறைவு என்பதில் மட்டும் ஐயமில்லை. கிழக்கே காடு பிழைத்த கதையில் அடுப்புக்குப் பெரும் பங்குண்டு. 1967இல் அதிபர் பலகேர் மரம் அறுக்கும் ஆலைகளை மூடினார். காட்டுக்குள் படையையும் இறக்கினார். அவருடைய ஆட்சி மென்மையானதன்று என்பதால் இதை மரநேசத்தின் கதையாக மட்டும் படிக்க வேண்டாம். 1980களில் அரசு மானியம் கொடுத்துச் சமையல் எரிவாயுவை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. எல்லைக்கு மேற்கே, ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரின் பெரும்பாலான அடுப்புகள் இன்னமும் மரக்கரியில் எரிகின்றன. கரி மூட்டம் போடுவதைத் தவிரக் கையில் வேறு காசு புரளாத உழவரிடம் மரத்தின் அருமையைப் போதிப்பதில் பயனில்லை.

கேள்வி: ஹைட்டி 1804ஆம் ஆண்டிலேயே விடுதலை பெற்றுவிட்டது. முன்னேறுவதற்கு இருநூறு ஆண்டுகள் போதாதா? எல்லாவற்றுக்கும் பழைய வரலாற்றையே குறைசொல்வது சரியா?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோவை

பதில்: வங்கியில் பணியாற்றிய தங்களுக்குக் கடன் கணக்கின் வழியாகவே பதில் சொல்வது பொருத்தம். அடிமைகளே கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையையும் தோற்கடித்து நிறுவிய நாடு ஹைட்டி. 1825இல் பிரான்சின் அரசர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் இழப்பீடாக 15 கோடி பிராங்க் கொடுத்தால்தான் விடுதலையை ஏற்போம் என்றார். விடுதலை பெற்றவர்கள், தங்களையே சொத்தாக வைத்திருந்தவர்களுக்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் தவணைக்கே கையில் பணம் இல்லாததால் அதையும் பிரெஞ்சு வங்கியாளர்களிடமே வட்டிக்கு வாங்கினார்கள். 1838இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. இருப்பினும், அந்த இழப்பீட்டை அடைக்க வாங்கிய கடன்களும் அவற்றை அடைக்க மேலும் வாங்கிய கடன்களுமாகச் சங்கிலி நீண்டு, கடைசிக் கணக்கு தீர்ந்தபோது ஆண்டு 1947. தாங்கள் கேட்கும் இருநூறு ஆண்டுகளில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இப்படியே கழிந்தன. காப்பிக் கொட்டை ஏற்றுமதியில் வந்த வரி, பள்ளிக்கும் சாலைக்கும் போகாமல் பாரிசுக்குப் போயிற்று.

இதனுடன் நிலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருந்தோட்டத்துக்குத் திரும்பிப் போக மறுத்த மக்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டு, தலைமுறைதோறும் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்துக்கொடுத்து வந்தார்கள். விடுதலையின் பொருளே அவர்களுக்குச் சொந்த நிலந்தான். அதைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் துண்டுகள் சிறுத்துச் சிறுத்து உழவு செங்குத்தான சரிவுகளில் ஏறியபோது, மழை மண்ணைக் கடலுக்கு இறக்கிவிட்டது.

தங்கள் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது: எல்லாப் பழியையும் 1825இன் மேல் போட முடியாது. ஏனெனில் 1960ஐ ஒட்டிய காலத்திலும் இரு நாடுகளின் தலா வருமானம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். டொமினிக்கன் குடியரசின் பழைய கதையும் பெருமைக்குரியதன்று. 1822 முதல் 1844 வரை அதை ஹைட்டி ஆண்டது. பிப்ரவரி 27 அன்று அந்நாடு கொண்டாடும் விடுதலை நாள் ஹைட்டியிடமிருந்து பெற்ற விடுதலையையே குறிக்கிறது. பின்னர் நான்காண்டுகள் மீண்டும் ஸ்பெயினின் கீழ் போயிற்று. இரு நாடுகளையும் அமெரிக்கப் படை ஆக்கிரமித்தது. ஹைட்டியில் 1915 முதல் 1934 வரையும், கிழக்கே 1916 முதல் 1924 வரையும் நீடித்தது. 1930இலிருந்து 1961 வரை டொமினிக்கன் குடியரசை ட்ருஹியோ என்னும் கொடுங்கோலரும் ஆண்டார். அவர் கொல்லப்பட்ட பின்னர்தான் பாதை பிரிந்தது. கிழக்கே 1969இல் லா ரொமானாவில் முதல் வரிவிலக்கு ஏற்றுமதி மண்டலம் எழுந்தது. 1971இல் சுற்றுலாவுக்குச் சலுகைச் சட்டம் வந்தது. குறைபாடுகள் மலிந்த தேர்தல்களாயினும் ஆட்சிகள் மாறின. மேற்கே 1957 முதல் 1986 வரை டுவாலியே தந்தையும் மகனும் நாட்டைச் சூறையாடினார்கள். மருத்துவர்களும் ஆசிரியர்களும் மான்ட்ரியலுக்கும் நியூயார்க்கிற்கும் போனார்கள். 1991 இராணுவப் புரட்சி, அதற்குத் தண்டனையாக விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, 2010 ஜனவரி 12 நிலநடுக்கம், 2021 ஜூலையில் அதிபர் மொயீஸ் படுகொலை, அதன்பின் தலைநகரையே கையில் எடுத்துக்கொண்ட ஆயுதக் கும்பல்கள் என்று ஒவ்வோர் அடியும், முந்தைய அடி ஆறுவதற்கு முன்பே விழுந்தது.

கேள்வி: இன்றைய நிலையில் இரு நாடுகளின் வருமான வேறுபாடு எவ்வளவு?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: 2023ஆம் ஆண்டில் டொமினிக்கன் குடியரசின் தலா உள்நாட்டு உற்பத்தி 10,000 டாலரைக் கடந்திருந்தது, ஹைட்டியினுடையது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது. அதே ஆண்டில் கிழக்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள், உல்லாசக் கப்பலில் வந்தோரையும் சேர்த்து, ஒரு கோடியைத் தாண்டினர். தங்கம், சுருட்டு, மருத்துவக் கருவிகள் ஆகியவை அதன் ஏற்றுமதிப் பட்டியலில் முன்னால் நிற்கின்றன. ஹைட்டியின் ஏற்றுமதியில் பெரும்பகுதி அமெரிக்கக் கடைகளுக்குத் தைத்து அனுப்பும் உடைகள். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் இரு நாடுகளுக்கும் தேவை. ஹைட்டிக்கு அது மூச்சு.

கேள்வி: ஹைட்டியர்களும் நம்மைப் போல் சோறு உண்பவர்கள் என்கிறார்களே, அங்கே நெல் விளைகிறதா?
— விவசாயி, மன்னார்குடி

பதில்: விளைகிறது. டொமினிக்கன் மலைகளில் பிறந்து ஹைட்டிக்குள் ஓடி வரும் ஆர்ட்டிபோனிட் ஆற்றின் சமவெளிதான் அந்நாட்டின் நெற்களஞ்சியம். 1980கள் வரை உண்ட அரிசியில் பெரும்பங்கை அவர்களே விளைவித்துக்கொண்டார்கள். 1990களின் நடுவில், கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியால் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி கப்பல் கப்பலாக இறங்கியது. மக்கள் அதை ‘மியாமி அரிசி’ என்றே அழைத்தார்கள். விலையில் அதனுடன் போட்டியிட முடியாத உழவர்கள் வயலை விட்டுத் தலைநகரின் குடிசைகளுக்குப் போனார்கள். 2010 நிலநடுக்கம் அந்தத் தலைநகரைத்தான் தாக்கியது. அதே ஆண்டு மார்ச்சில், முன்னாள் அதிபர் பில் கிளின்டன் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால், இந்தக் கொள்கை தம் மாநிலமான ஆர்க்கன்சாவின் உழவர்களுக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது ஒரு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். டொமினிக்கன் குடியரசு தன் நெல் விவசாயிகளைக் காப்பதில் இத்தனை விட்டுக்கொடுக்கவில்லை.

கேள்வி: வளர்ந்த அண்டை நாட்டால் ஹைட்டிக்கு நன்மை எதுவும் இல்லையா?
— இல்லத்தரசி, சேலம்

பதில்: கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும்: ஹைட்டியால் அண்டை நாட்டுக்கு என்ன நன்மை? டொமினிக்கன் கரும்பை வெட்டியவர்கள் ஹைட்டியர்கள். 1952இலிருந்து 1986 வரை, இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று ஹைட்டி அரசுக்குப் பணம் கொடுத்தே வெட்டாட்களை அழைத்துப் போனார்கள். கரும்புத் தோட்டங்களை ஒட்டி அவர்கள் வாழும் குடியிருப்புக்கு ‘பட்டே’ என்று பெயர். இன்று கட்டட வேலையிலும் பண்ணைகளிலும் அவர்களுடைய பிள்ளைகள் உழைக்கிறார்கள். 1937இல் ட்ருஹியோவின் படை, எல்லைப்புற ஹைட்டியர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. கொத்தமல்லி போன்ற ஒரு கீரையின் ஸ்பானியப் பெயரை உச்சரிக்கச் சொல்லி ஆளை அடையாளம் கண்டார்கள் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் செய்தி. 2013இல் டொமினிக்கன் அரசமைப்பு நீதிமன்றம், உரிய ஆவணமில்லாத பெற்றோருக்கு 1929க்குப் பின் அங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த மண்ணைத் தவிர வேறு மண்ணையே பாராதவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டம் சிலருக்கு மட்டும் வழிவிட்டது.

அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக டொமினிக்கன் சரக்கைப் பல ஆண்டுகள் மிகுதியாக வாங்கிய நாடும் ஹைட்டியே. எல்லையிலுள்ள டஹபோன் ஊரில் திங்கள், வெள்ளி நாட்களில் கூடும் சந்தையில், ஆற்றுப் பாலத்தைக் கடந்து வரும் ஹைட்டியப் பெண்கள் முட்டையும் மாவும் வாங்கிச் சென்று மறுபுறம் விற்பார்கள். ஆற்றிலிருந்து ஹைட்டியர்கள் கால்வாய் வெட்டியதை எதிர்த்து 2023 செப்டம்பரில் டொமினிக்கன் அரசு எல்லையை மூடியபோது, சந்தைக்கடைக்காரர்கள் இருபுறமும் கையைப் பிசைந்து நின்றார்கள். 2022இல் தொடங்கிய எல்லைச் சுவரும் எழும்பிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனி நாடுகளாக நிறுத்திப் பார்க்கும் ஒப்பீடுகள் பாதிக்கணக்கையே காட்டுகின்றன என்பது எமது கருத்து; ஒன்றின் வரவில் மற்றதன் செலவு எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: வெட்டிவேர் எண்ணெய் ஹைட்டியிலிருந்து வருகிறது என்கிறார்கள். நம் ஊர் வேர் அங்கே எப்படிப் போயிற்று?
— நாட்டு மருந்துக் கடைக்காரர், கும்பகோணம்

பதில்: வேரோடு பெயரும் போயிருக்கிறது. பிரெஞ்சு மொழி ‘வெட்டிவேர்’ என்ற தமிழ்ச்சொல்லை எடுத்துக்கொள்ள, அங்கிருந்து உலக நறுமணத் தொழில் முழுவதும் அதே பெயரைச் சொல்கிறது. இன்று உலகின் வெட்டிவேர் எண்ணெயில் பாதிக்கு மேல், ஹைட்டியின் தென்மேற்கில் லே கேய் நகரைச் சுற்றிய மலைகளில் விளைந்து, பாரிசின் விலையுயர்ந்த வாசனைக் குப்பிகளுக்குப் போகிறது. வேர் முற்றி எண்ணெய் நிறைய ஓராண்டுக்கு மேல் ஆகும். பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ முன்னால் வந்து நின்றால் உழவர் அதற்குள்ளாகவே தோண்டி, குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். மண் அரிப்பைத் தடுக்க வரப்பில் நடுவதற்கு இதைவிட நல்ல புல் இல்லை என்று பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுவதும் இதே வெட்டிவேர்தான். ஹைட்டியின் சரிவுகளில் அது தோண்டி எடுக்கப்படுவதற்காகவே நடப்படுகிறது.