வாசகர் கேள்வி – பதில்: வயல்களின் நடுவே ஏரிக்கரை

கேள்வி: கனடாவின் மானிடோபா மாகாணத்திலும் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா, மின்னசோட்டா மாநிலங்களிலும் சமவெளி வயல்களுக்கு நடுவே மணலும் கூழாங்கல்லும் நிறைந்த நீண்ட மேடுகள் இருப்பதாகவும், அவை பழைய நீர்க்கரைகள் என்றும் படித்தேன். கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் கரை எப்படி வந்தது? முன்பு அங்கே கடல் இருந்ததா?

பதில்: அங்கே இருந்தது நன்னீர் ஏரி. அகாசி ஏரி என்று நிலவியலாளர்கள் அழைக்கும் அது ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 8,200 ஆண்டுகளுக்கு முன் முற்றாக வடிந்தது. அந்த நிலப்பகுதியின் நீர் இயல்பாக வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்குச் செல்ல வேண்டியது. ஆனால் கடைசிப் பனியூழியின் இறுதியில், வட அமெரிக்காவின் வடபகுதியை மூடியிருந்த லாரன்டைடு பனிப்படலம் வடக்கு நோக்கிப் பின்வாங்கியபோது, அதன் விளிம்பே வடிகால் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால், உருகிய நீர் முழுவதும் அந்தப் பனிச்சுவருக்கும் தெற்கிலுள்ள நீர்பிரிமேட்டுக்கும் இடையே தேங்கிவிட்டது. இன்றைய வின்னிபெக், வின்னிபெகோசிஸ், மானிடோபா ஏரிகள் அதன் எச்சங்களே.

மேடுகள் ஏரிக்கரைதான் என்பதற்குச் சான்று அவற்றின் உள்ளேயே இருக்கிறது. சரளைக்காக வெட்டிய குழியின் பக்கச் சுவரில், அலை உருட்டித் தேய்த்த கூழாங்கற்கள் அளவுவாரியாகப் பிரிந்து, ஏரி இருந்த திசை நோக்கி மெல்லச் சரியும் அடுக்குகளாகத் தெரியும். பனி நேரடியாக இறக்கிவிட்டுப் போன படிவில் இந்த ஒழுங்கு இராது. அங்கே களிமண்ணும் மணலும் பாறாங்கல்லும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். மேட்டிலிருந்து ஏரிப்பக்கமாக இறங்கினால் சரளை மறைந்து, ஆழமான, அசையாத நீரில் படிந்த பசைக் களிமண் தொடங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் ரெட் நதி வண்டித்தடங்கள் பல இடங்களில் இந்த மேடுகளின் மீதே சென்றன. களிமண் சேறாகும் பருவத்திலும் சரளை உலர்ந்திருக்கும் அல்லவா?

கடலோ என்று நீங்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. டார்வினே அதில் சறுக்கியவர்தான். ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்கின் சரிவுகளில் ஏறத்தாழ 260, 325, 350 மீட்டர் உயரங்களில் மூன்று கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அவை கடல் விட்டுச்சென்ற கரைகள் என்று 1839இல் அவர் எழுதினார். மறு ஆண்டே அங்கு சென்ற சுவிஸ் இயற்கை ஆய்வாளர் லூயி அகாசி, பள்ளத்தாக்கின் வாயைப் பனியாறு அடைத்ததால் உண்டான ஏரியின் கரைகள் அவை என்றார். ஒவ்வொரு கோட்டின் உயரமும், ஏரி நீர் வழிந்தோடியிருக்கக்கூடிய ஒரு கணவாயின் உயரத்தோடு பொருந்துகிறது. கடல் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பொருத்தத்துக்கு விளக்கமே இல்லை. தம் கட்டுரைக்காக வெட்கப்படுவதாகப் பின்னாளில் டார்வின் தன்வரலாற்றில் எழுதினார். வட அமெரிக்க ஏரிக்கு அகாசியின் பெயரை 1879இல் சூட்டியவர் அமெரிக்க நிலவியலாளர் வாரன் அப்ஹாம்.

கேள்வி: ஏரியின் நீர்மட்டம் எங்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒரே கரைமேடு வடக்கே போகப் போக உயர்ந்துகொண்டே போவது எப்படி?

பதில்: கரை உருவான காலத்தில் அது சமமட்டமாகத்தான் இருந்தது, பின்னர் சாய்ந்தது நிலம். ஹட்சன் விரிகுடாப் பகுதியில் பனிப்படலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தடிமனாக இருந்தது. அந்தச் சுமையில் புவிமேலோடு கீழே அமிழ, அதன் அடியிலுள்ள கவசப் (மேன்டில்) பாறை மிக மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து இடம் விட்டது. பனி உருகியதும் பாறை மீண்டும் உள்ளே நகர்ந்து, நிலம் எழும்பத் தொடங்கியது. பனி தடித்திருந்ததும் பிந்தி விலகியதும் வடக்கில் என்பதால், அங்கேதான் எழுச்சி அதிகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹெர்மன் கரை என்னும் மிக உயர்ந்த, பழைய கரையின் நடத்தை. தெற்கே ஒற்றை மேடாக இருக்கும் அது, வடக்கே போகும்போது பல மேடுகளாகப் பிரிகிறது. தெற்கு வடிகாலுக்கு அருகே நீர்மட்டம் ஏறக்குறைய மாறாமல் நின்றிருந்த அதே காலத்தில், வடக்கே நிலம் எழுந்துகொண்டே இருந்ததால், நீர் படிப்படியாக விலகி, விலகிய இடந்தோறும் ஒரு மேட்டை விட்டுச்சென்றிருக்கிறது. ஹெர்மனுக்குப் பின் உருவான கேம்ப்பெல் கரையின் சாய்வு அதைவிடக் குறைவு. காரணம், கேம்ப்பெல் உருவாவதற்குள் எழுச்சியின் ஒரு பகுதி முடிந்துவிட்டிருந்தது. ஆகவே கரைகளின் சாய்வுகளை ஒப்பிட்டே, நிலம் எந்தக் காலத்தில் எவ்வளவு எழுந்தது என்று கணக்கிட முடிகிறது. ஹட்சன் விரிகுடாவைச் சுற்றி இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வீதம் நிலம் உயர்ந்துவருகிறது.

கேள்வி: அவ்வளவு நீரும் எங்கே போயிற்று?

பதில்: முதலில் தெற்கே. இன்றைய டிராவர்ஸ் ஏரியருகே உள்ள இடைவெளி வழியாக வாரன் நதி என்னும் பேராறு பாய்ந்து மிசிசிப்பியில் கலந்தது. அது அறுத்த பள்ளத்தாக்கில் இன்று ஓடும் மின்னசோட்டா ஆறு, அந்த அகலத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குச் சிறியது. பனி விளிம்பு பின்வாங்கப் பின்வாங்க வேறு வழிகள் திறந்து, மட்டம் கட்டம் கட்டமாக இறங்கியது. இறுதியில் ஹட்சன் விரிகுடாவிலிருந்த பனித்தடை உடைந்தபோது எஞ்சிய நீர் வடக்கே கடலில் சேர்ந்தது. ஏறத்தாழ 8,200 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக் பகுதியில் ஏற்பட்ட திடீர்க் குளிர்ச்சிக்கு இந்த நன்னீர்ப் பெருக்கே காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.